மூன்றாவது அழைப்பிதழ்

ஜெயவேல் மேடையில் சாவதைப் பார்ப்பதற்கென்றே எண்ணூர்ப் பக்கம் கூட்டம் சேரும். துறைமுகத்தில் மூட்டை சுமந்து, துண்டறிக்கை படித்து, பேச்சாளராக உயர்ந்தவர் அவர். "ஏழை இப்படித்தான் சாகிறான்!" என்று முழங்கி, நெஞ்சைப் பிடித்தபடி மல்லாந்து விழுவார். கூட்டம் கைதட்டும். தட்டி ஓய்ந்ததும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எத்தனை முறை செத்தாலும் ஒரு வழக்கத்தை மட்டும் அவர் கைவிட்டதில்லை. விழுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொள்வார்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் அந்த மாலையில், மேடை அரசு மருத்துவமனையின் வாசலிலேயே போடப்பட்டிருந்தது. எண்ணூருக்கு வடக்கே உள்ள மீனவக் குப்பங்களுக்கு இருந்த ஒரே சிறிய மருத்துவமனை அது. அங்கே புதிய அவசர சிகிச்சை அறை கட்டி முடித்து, நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியும் வந்து இறங்கி, வாசலில் நாடா கட்டிப் பூட்டியாகிவிட்டது. திறப்பு விழாதான் நடக்கவில்லை. முதல் அழைப்பிதழில் ஜெயவேலின் பெயரே இல்லை, கறுப்புக்கொடி காட்டினார். இரண்டாவதில் கடைசி வரியில் கடுகளவு எழுத்தில் இருந்தது, புறக்கணித்தார். மூன்றாவது அச்சகத்தில் இருந்தது. அதற்குள், அறையைத் திறக்காத அரசைக் கண்டித்து இந்தக் கூட்டம்.

"இன்னாய்யா இது? தொறக்காதேன்னு கொடி புட்ச்சதும் நீ, ஏன் தொறக்கலேன்னு கத்தப் போறதும் நீயா?" என்று காலையிலேயே கேட்டுவிட்டாள் அவர் மனைவி ரமாபாய். ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் மிஷின் மிதிப்பவள்.

"இது மானப் பிரச்சன, ரமா. உனக்கு அரசியல் புரியாது."

மாலையில், "ஏழை இப்படித்தான்..." என்றவர் வாக்கியத்தை முடிக்காமல் விழுந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. சீழ்க்கை பறந்தது. முன்வரிசையில் இருந்த ரமாபாயும் தட்டத்தான் கையை எடுத்தாள். அப்போதுதான் மேடை விளிம்பில் மூக்குக்கண்ணாடி தெறித்துக் கிடப்பதைக் கண்டாள்.

எழுந்து ஓடியவளை, ஜெயவேலின் தோழர் கமாலுதீன் வழிமறித்தார். "குந்து அண்ணி! இன்னும் கைத்தட்டே அடங்கல. இப்பப் போயி கெடுத்துக்கினு!"

"பாய், கண்ணாடி கீய கீது பாய்!"

கமாலுதீன் திரும்பிப் பார்த்தார். வழிவிட்டு அவரே மேடைக்குத் தாவினார். அதற்குள் சில நிமிடங்கள் கைத்தட்டலிலேயே கரைந்து போயிருந்தன.

தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குள் ஓடினார்கள். மருத்துவர் சுப்பராயன் வராந்தாவிலேயே கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். "ஷாக் குடுக்கற மெஷின் உள்ள இருக்கு. சாவி பெரிய ஆபீஸ்லம்மா. விழா நடக்கற வரைக்கும்..."

"விழாவாம் விழா! பூட்ட ஒட, பாய்!"

கமாலுதீன் மேடைக்குப் பாய்ந்து ஒலிவாங்கியைத் தாங்கிய இரும்புக் கம்பியைப் பிடுங்கி வந்தார். தளைகளை உடைப்போம் என்று ஆண்டுக்கணக்கில் முழங்கக் கேட்ட அந்தக் கம்பி, முதன்முறையாக ஒன்றை உடைத்தது. மின்னதிர்ச்சியில் ஜெயவேலின் உடல் துள்ளியது. இதயம் திரும்பியது.

ஜெயவேல் திரும்பவில்லை.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் வாரக்கணக்கில் கிடந்து வந்தவருக்கு மனைவியின் முகம் தெரியவில்லை. தன் பெயரும் தெரியவில்லை. "இதயம் நின்ன நேரத்துல மூளைக்கு ரத்தம் போகலம்மா," என்றார் சுப்பராயன். "தினமும் பயிற்சி குடுத்தா கொஞ்சம் மீளலாம். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"யார் சார் குடுப்பாங்க?"

"இங்க அதுக்கு ஆளில்ல. அந்த வேலைக்கு போஸ்ட்டே ஒதுக்கல."

செவிலியர் ரஹீமுன்னிசாதான் இரக்கப்பட்டு, பணி முடிந்த பின் சிலவற்றைச் சொல்லித் தந்தார். நிமிர்த்தி உட்காரவைத்துக் கெட்டியான கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து சேர்க்கப் பழக்க வேண்டும். ரமாபாய் மிஷின் வேலையை விட்டு நின்றுகொண்டாள். மாதங்கள் ஓடின. வலக்கை வரும், இடக்கை பாதி வழியில் எதையோ மறந்ததுபோல நின்றுவிடும். அந்த இரண்டு கைகளும் ஒருமுறை சேர்ந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று அவள் நம்பினாள்.

உடைந்த அறைக்கோ மறுநாளே புதுப் பூட்டும் புது நாடாவும் வந்துவிட்டன. விழா காணாத அறையைப் பயன்படுத்தியது விதிமீறலாம்!

ஒரு நாள் கமாலுதீன் மூன்றாவது அழைப்பிதழோடு வந்தார். "பாரு அண்ணி! அமைச்சர் பேருக்கு மேல அண்ணன் பேரு!"

"அந்த எய்த்தச் சிறுசாக்கினு, பயிற்சி குடுக்க ஒரு ஆளப் போடச் சொல்லு பாய்."

"மேடையில நீயே கேளேன். மைக்க உங்கையில குடுக்கச் சொல்றேன்."

விழா நாளன்று, சக்கர நாற்காலியில் வந்த ஜெயவேலின் மடியில் அந்த அழைப்பிதழை வைத்தார்கள். மூக்குக்கண்ணாடிக்குள்ளிருந்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"யார்மா இது? பேர இம்மாம் பெர்சா போட்டுக்கீறாங்க?"

"தெரிஞ்சவருதான்யா," என்றாள் ரமாபாய். "நல்லாப் பேசுவாரு."

அவள் முறை வந்தது. அதே பழைய கம்பியில் பொருத்தியிருந்த ஒலிவாங்கியின் முன் நின்றாள். "பேர பெர்சா போட்டீங்க. சந்தோசம். அந்தப் பேரு தன்னோடதுன்னு அவருக்குத் தெரியல. தெரிய வைக்க ஒரு ஆளக் குடுங்க. பொன்னாட வாணாம். ஆளக் குடுங்க."

கூட்டம் இடி போலக் கைதட்டியது. ஜெயவேலின் மனைவியல்லவா, பேச்சு இப்படித்தானே இருக்கும்! அமைச்சர் எழுந்து, நெகிழ்ந்து, அவளுக்கே பொன்னாடையைப் போர்த்தினார். கைத்தட்டல் அடங்கினால் மறுபடியும் கேட்கலாம் என்று ரமாபாய் ஒலிவாங்கியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அடங்கவில்லை.

பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

எல்லோரையும் பார்த்து, ஜெயவேலும் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே வந்து, மெல்ல, சரியாகச் சேர்ந்தன.