விரியாத விலா

கடலூரை ஒட்டிய செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் அன்பரசு ஷிப்ட் ஆபரேட்டர். 2009இல் சிதம்பரத்து ஜான்சியைக் கட்டினான். கல்யாணமாகி ஐந்தாறு மாதத்துக்குள் அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துவிட்டான். அணைக்கப் போனால் அவள் உடம்பு கட்டையாக விறைக்கும். கொஞ்சம் இறுக்கினால் முகத்தைச் சுளித்து விலகிவிடுவாள். கேட்டால் முதுகு பிடித்துக்கொள்கிறது என்பாள். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வேலை செய்யச் செய்யச் சரியாகிவிடும். அப்படிச் சரியாகிவிட்டதாலேயே அவன் அதை நடிப்பு என்று எடுத்துக்கொண்டான். கம்பெனி நாற்றம்தான் காரணமோ என்று ஷிப்ட் முடிந்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தும் பார்த்தான்.

கடைசியில் அவளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனான். மாமனார் தேவசகாயத்தையும் அவருடைய அண்ணன் சின்னையனையும் உட்கார வைத்து, அவள் எதிரிலேயே சொன்னான்:

"உங்க பொண்ணு என்னத் தொட விடறதில்ல. வேற யாரையாவது மனசுல வச்சிருந்தா சொல்லச் சொல்லுங்க."

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார். சின்னையன் குடும்ப மானத்தைப் பற்றி ஜான்சியிடம் நெடுநேரம் பேசினார். அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கடலூர் திரும்பியதும் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். அதன்பிறகு விலகுவதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கண்டித்தது பலித்துவிட்டது என்று அன்பரசு நினைத்துக்கொண்டான்.

சில வாரம் கழித்து, சமைத்துக்கொண்டிருந்தவள் ஒரு தும்மல் தும்மினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுக்க முடியவில்லை. அவன் பயந்துபோய், விசாரித்து, சிதம்பரத்தில் சந்திரலேகா என்ற மூட்டு டாக்டரிடம் கூட்டிப்போனான்.

டாக்டர் ஜான்சியின் மார்பைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்து, நன்றாக மூச்சை இழுக்கச் சொன்னார். நாடா அசைந்ததாகவே தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் பார்த்த பிறகு இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். ஒவ்வொரு விலா எலும்பும் பின்னால் முதுகெலும்போடு சின்ன மூட்டுகளில் சேர்கிறது. மூச்சு இழுக்கும்போது அந்த மூட்டுகள் திரும்பினால்தான், வாளியின் கைப்பிடி எழும்புவது போல விலா மேலெழும்பி விரியும். ஜான்சிக்கு அங்கெல்லாம் அழற்சி. மூட்டுகள் இறுகிக்கொண்டு வருகின்றன. முழுக்கக் குணமாகாது, மாத்திரையும் பயிற்சியும் இருந்தால் மேலே இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அன்பரசு மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "யாராவது அணைச்சா வலிக்குமா டாக்டர்?"

"ரொம்ப வலிக்கும். நீங்க கவனிச்சிருப்பீங்களே?"

"கவனிச்சேன்" என்றான். பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பயிற்சிக்காக ஜான்சி சில மாதம் அப்பா வீட்டில் தங்கினாள். அவளை விட்ட அன்றே அன்பரசு மாமனாரைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னான். அன்றைக்குப் போலவே எல்லோரையும் கூட்டினால், தான் சொன்னது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்வதாகச் சொன்னான்.

தேவசகாயம் மறுத்துவிட்டார். "வேணாம் மாப்ள. அந்தப் பேச்ச இன்னொரு தடவ என் பொண்ணு காதால கேக்க வேணாம்."

அதனால் சின்னையனுக்கு உண்மை தெரியாமலே போனது. முதுகு வலிக்கு வைத்தியம் என்று மட்டும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்பரசு வரும்போதெல்லாம் அவரும் வந்துவிடுவார். அவனுக்கு டீ வாங்கிவரச் சொல்வார், தன் பக்கத்தில் உட்காரச் சொல்வார். அந்த அன்பில் அவன் கூனிக் குறுகிப்போவான். ஒருநாள் ஜான்சி துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார், வேறொருத்தனாக இருந்தால் இவளை எப்போதோ தள்ளி வைத்திருப்பான், மாப்பிள்ளைக்குப் பொறுமை ஜாஸ்தி என்று.

அன்பரசு எழுந்துவிட்டான். "பெரிய மாமா, அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவளுக்கு மூச்சு வுட்டாலே வலி. அத என்கிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நாந்தான் நம்பல."

சின்னையன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மாமனார் சொன்னதை மீறிவிட்டோமே என்று அன்பரசு அப்படியே நின்றான்.

மாலையில் அவன் கிளம்பியபோது ஜான்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். கடலூர் பஸ் வந்து நின்ற பிறகுதான் பேசினாள்.

"இன்னிக்கு பெரியப்பாகிட்ட சொன்னீங்க. சரி. அன்னிக்கு எல்லாரும் என்னப் பாத்தாங்களே, அப்ப நானே எனக்குத்தான் ஏதோ கெட்ட புத்தின்னு நெனச்சிட்டேங்க."

கண்டக்டர் விசில் ஊதியதும் அவன் ஏறிக்கொண்டான். அவள் அடுத்த ஆடியில் கடலூருக்கு வந்துவிட்டாள்.