இருநூறு ரூபாய் அட்டை

பழசு என்றால் விலை போகும் என்று நம்புகிற முட்டாள்கள் புனேயில் எத்தனை பேர் என்று என்னைக் கேளுங்கள். பாதிப் பேர் என் வீட்டுக்கு வந்து போனவர்கள். அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்த பழைய அட்டைகளை இருபத்தைந்து வருடமாகச் சேர்க்கிறேன், வாங்குகிறேன், விற்கிறேன். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஸ்டோர்ஸ் வேலை பிழைப்புக்கு. இது எனக்கு.

ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிகளிலிருந்து வருகிறவர்கள்தான் மோசம். ஆன்சைட் என்று அமெரிக்கா போன இடத்தில் டாலர் கொடுத்து வாங்கிய 1990-ஆம் வருடத்து அட்டைகளை டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்தக் காலத்தில் கம்பெனிகள் அதை லட்சக்கணக்கில் அச்சடித்துத் தள்ளின. வாங்கியவனெல்லாம் பிற்பாடு விலை ஏறும் என்று உறைகூடப் பிரிக்காமல் பூட்டி வைத்தான். எல்லோரிடமும் இருக்கிற பொருளை எவன் வாங்குவான்? நூறு வருடத்துக்கு முன்பு சிகரெட் பெட்டிக்குள் சும்மா வைத்துக் கொடுத்த அட்டைக்குத்தான் விலை. காரணம், அதை எவனும் மதிக்கவில்லை. பிள்ளைகள் கசக்கினார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள், மிஞ்சியது சொற்பம். இதைச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கேப் பிடித்துப் போய்விடுவார்கள்.

அமல்ராஜ் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான். திருச்சிக்காரன், சாகண் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இன்ஜினியர், புனேக்கு வந்து ஆறு மாதம். ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய இங்கிலீஷ் புத்தகத்துக்குள் ஒரு அட்டை இருந்ததாம். பஸ் டிக்கெட்டை எடுப்பதுபோல் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

சிகரெட் அட்டை. அசல். நான்கு மூலையும் கூர் மழுங்கவில்லை. இந்த ஆட்டக்காரனின் அட்டை உலகத்தில் முப்பது தேறினால் அதிகம். இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று என் கைக்கு வந்ததில்லை. என்னிடம் இருப்பதெல்லாம் மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியவை. இது எனக்கு வேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவனுக்கு பேஸ்பாலுக்கும் பேட்மிண்டனுக்கும் வித்தியாசம் தெரியாது. போயும் போயும் இவன் கையில் கிடைத்ததே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூதக்கண்ணாடியை வைத்து ஐந்து நிமிடம் பார்த்தேன்.

“பிற்பாடு காப்பி அடிச்சது தம்பி. இதுக்கு வெலையே கெடையாது” என்றேன்.

அவன் முகம் வாடவில்லை. சிரித்தான். “பரவால்ல சார். அப்ப இத அப்பிடியே பத்திரமா வெச்சிருக்கணும்னு இல்லல்ல?”

அங்கே கொஞ்சம் தயங்கினேன். விரல் படாமல் வை, வெயிலில் காட்டாதே என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதெல்லாம் ஒன்றும் தேவையில்லை என்றேன். படம் அழகாக இருக்கிறது, வேண்டுமானால் அதற்காக இருநூறு ரூபாய் தருகிறேன் என்று போகிற போக்கில் சொல்லி வைத்தேன். மனைவி ப்ரீதியைக் கேட்டுவிட்டு அடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னான். நெருக்கினால் சந்தேகப்படுவான் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் டிப்போவில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ப்ரீதியையும் கூட்டிக்கொண்டு வந்தான். நான் நீட்டிய பணத்தோடு என் கையை மடக்கிவிட்டான்.

“உங்ககிட்ட போய்க் காசு வாங்குவேனா சார்? உங்களுக்குப் புடிச்சிருக்குன்னீங்கல்ல. கிஃப்ட்டா வெச்சுக்கங்க.”

அவன் கொடுத்த கவரைப் பிரித்தேன். அட்டை பளபளவென்று இருந்தது. லேமினேஷன். ரேஷன் கார்டு, மார்க் ஷீட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் லேமினேட் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஜனம் நம்முடையது. சூட்டில் பசை உருகி அட்டையோடு ஒட்டிப் போயிருந்தது. இனி பிரித்தால் படமும் சேர்ந்து உரியும். மூலை கையைக் குத்தும் என்று கடைக்காரன் அட்டையோடு சேர்த்து நான்கையும் வட்டமாக வெட்டியிருந்தான். பின்பக்கம், பிளாஸ்டிக்குக்கு உள்ளே, நீல மையில் ‘சந்திரமௌலி சாருக்கு அன்புடன், அமல்ராஜ் - ப்ரீதி’.

முப்பதில் ஒன்று போயிற்று. மற்ற இருபத்தொன்பதை வைத்திருப்பவர்களுக்கு நான் விலையை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். இவனைப் போய் முட்டாள் என்று நினைத்தேன்.

“டபுள் கோட்டிங் போடச் சொன்னேன் சார். வேற ஆளா இருந்தா வெல கிலன்னு எதையாச்சும் சொல்லி ஏமாத்தியிருப்பான், சார்தான் உள்ளத உள்ளபடி சொன்னாருன்னு இவகிட்ட சொல்லிட்டே வந்தேன்” என்றான்.

ப்ரீதி தலையாட்டினாள். எங்கே வைக்கப் போகிறேன் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடி அலமாரியைத் திறந்து, வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படுகிற நடுத்தட்டில் அதை வைத்தேன்.