வாய்க்குப் பூட்டு

தையல் மாஸ்டரின் மனைவிக்குக் கடைத்தெருவில் 'ரேடியோ' என்று பெயர். வைத்தவர் மாஸ்டரேதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயால் ஒரு கடையே பிழைத்தது. அவர் வெட்டுவார், இவள் தைப்பாள். தைத்துக்கொண்டே வாடிக்கையாளரிடம் நாலு வார்த்தை, தெருவில் போகிறவரிடம் எட்டு வார்த்தை. மாஸ்டர் பேசுவது கொஞ்சம்தான், அதையும் அளந்துதான் பேசுவார்.

அந்தக் கொஞ்சமும் பக்கவாதத்தில் போயிற்று. கால் திரும்பி வந்தது, கை பாதி வந்தது, பேச்சு வரவில்லை. "த..." என்று அவர் தொடங்கினாலே இவள் முந்திக்கொள்வாள். தண்ணியா? தலைவலியா? தலையணையா? எதற்காவது அவர் தலையாட்டுவார். இவள் விட்டதை மகள் பிடித்துக்கொள்வாள். மாதங்கள் போயின. "த" மட்டும் "த"வாகவே இருந்தது.

இனி அவர் பேசவே மாட்டாரோ என்ற பயத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அங்கே பேச்சுப் பயிற்சி தரும் பெண் மூவரையும் வெகுநேரம் கவனித்துவிட்டு, நோயாளியை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினாள்.

"மூளையில பழைய வழி அடைபட்டுப் போச்சும்மா. அவர் புது வழி போடணும். நடந்து நடந்துதான் வழி உண்டாகும். நீங்க தினமும் தூக்கிட்டே போனா அவர் எப்போ நடப்பார்?"

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டதற்கு இதுதான் பட்டமா? வீடு வரும்வரை அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தாள். வாசலில் மாஸ்டர் "செ..." என்றார். செல்போனா என்று அவள் வாய் தானாகக் கேட்டது. அவர் தலையாட்டினார். உள்ளே வந்த பிறகுதான் அவருடைய செருப்பு வார் அறுந்திருப்பதைக் கண்டாள். அவர் வார்த்தைக்குத் தலையாட்டவில்லை, இவளுக்குத் தலையாட்டியிருக்கிறார். அன்று திட்டுவதை நிறுத்தினாள்.

மறுநாளிலிருந்து குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள். தையல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் இவளுக்கு அது வாய்க்குப் போட்ட பூட்டு. ரேடியோ ரிப்பேரா என்று கடைத்தெரு கேலி செய்தது. மாஸ்டர் "த..." என்று தொடங்கி, முகம் சிவந்து, முடியாமல் கையை உதறுவார். இவள் வாய் திறக்கப் போவாள், ஊசி உதட்டில் குத்தும். ஒருநாள் "தண்ணி" முழுசாக வந்தது. அதன்பின் நெடுநாள் ஒன்றுமில்லை. பாவி, அவரைத் தவிக்க விட்டதுதான் மிச்சமோ என்று அவள் தனியே அழுதாள்.

ஒரு மதியம் மேசையில் கோட்டுத் துணி விரிந்திருந்தது. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். அளவாக வந்த துணி, மிச்சம் கிடையாது. வெட்டுவதும் இப்போது அவள் வேலை. கைப்பகுதிக்கான அட்டையை வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டாள். நகர்த்தி வைத்து மறுபடி போட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

முதுகுக்குப் பின்னால் "க..." என்று கேட்டது.

கதவா, கத்தரியா, கண்ணாடியா என்று நாக்கு நுனிவரை வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. ஊசிகளை இறுகக் கவ்விக்கொண்டு திரும்பினாள். அவர் எழுந்து நின்றிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் காத்திருந்தாள்.

"கை... ரெண்டும்... இடது."

துணியைப் பார்த்தாள். அட்டையைத் திருப்பிப் போட மறந்திருந்தாள். வெட்டியிருந்தால் கோட்டுக்காரருக்கு இரண்டும் இடது கைதான். துணி தப்பியது, துணி கிடக்கட்டும், மனுஷன் பேசிவிட்டார். ஊசிகள் தரையில் சிதறின. அப்பாடா என்று உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டத் தொடங்கினாள்.

மாஸ்டர் கையை உயர்த்தினார்.

"இரு. நான்... இன்னும்... முடிக்கல."

ரேடியோ நின்றது. தரையில் கிடந்த ஊசிகளை அவள் தேடவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த வார்த்தை வரும்வரை சும்மா இருந்தாள்.