தொட்டியடியில் ஒரு கால்

1

பழைய கண்ணாடித் தகடுகளைக் கழுவும் அந்தக் கூடத்தில் எவரும் ஒரு தகட்டையும் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்ப்பதில்லை. பார்த்தால் கை நின்றுவிடும். இதை யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

தொடக்ககாலத் தெருப் புகைப்படங்களில் கலங்கித் தெரியும் மனிதர்களைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாத படங்களின் கண்ணாடியைச் சுரண்டிக் கழுவி, மறுபடி மருந்து பூசி விற்றார்கள் என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. கழுவியது யார்? (கட்டுரையில் இக்கேள்விக்கு இடமில்லை. ஆகவே கதை.)

2

அவள் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் கையை...

இல்லை, முதலில் அண்ணியைச் சொல்லவேண்டும். அதே தொட்டியில் கைவிட்டு எதிரே நிற்பவள் அவளுடைய அண்ணி. ஒரு கால் ஊனமான அண்ணன், வீட்டில் சண்டைபோட்டுவிட்டு நொண்டி நொண்டித் தெருவில் இறங்கியவன், திரும்பவில்லை. செத்திருப்பான் என்று குடும்பம் முடிவுகட்டிவிட்டது. அண்ணி மட்டும் இன்னமும் கதவைத் தாழிடாமல் படுக்கிறாள்.

3

வெள்ளைத் தொட்டியின் அடியில் கிடந்த தகட்டில் ஒரு கடைத்தெரு. நெகட்டிவ் ஆகையால் கறுப்பெல்லாம் வெளுத்து, வெளுப்பெல்லாம் கறுத்து. நடுவில் ஒருவன். கேமரா நெடுநேரம் திறந்திருக்க, அவன் நடந்துகொண்டே இருந்ததால் முகம் புகையாகியிருந்தது. ஒரு கால் மட்டும் தெளிவாக ஊன்றியிருந்தது.*

* நொண்டுகிறவன் நல்ல காலில் சற்றுக் கூடுதலாக நிற்பான். படம் அந்தக் காலைப் பிடித்துக்கொள்ளும். சாவகாசமாக நடப்பவனுக்கும் இப்படி நேரலாம். எனக்கே குழப்பம்தான்.

4

முதல் வரைவில் அவள் அதைச் சுரண்டிவிட்டாள். அந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது, விமர்சகர்களுக்கும் பிடித்திருக்கும். திருத்தி எழுதும்போது அவள் கை அசைய மறுத்தது.

“என்னடி, கை நின்னுபோச்சு?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“அங்க என்ன கிசுகிசு?” மேஸ்திரி அதட்டினார். “தண்ணி ஆறிப்போச்சு, உங்க பேச்சுதான் கொதிக்குது!”

சொன்னால், ஒரு புகையை நம்பி அண்ணி இன்னும் எத்தனை காலம் கதவைத் திறந்துவைப்பாள்? சொல்லாவிட்டால், அண்ணனைத் தன் கையாலேயே... தகட்டின் ஓரம் வெந்நீரில் உரியத் தொடங்கியிருந்தது.

“அண்ணி, இந்தக் காலு... அண்ணன் நிக்கிற மாதிரியே இல்ல?”

5

இந்த இடத்தில் அண்ணி அழுவதாக எழுதிவைத்திருந்தேன். அவள் அழவில்லை. தகட்டை வாங்கினாள். நீர் சொட்டச் சொட்டச் சன்னலுக்கு நடந்தாள். எல்லோரும் பார்க்க, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள்.

“ஏய்! வெளிச்சத்துல தூக்கிப் பாக்கக் கூடாதுன்னு தெரியாது?” மேஸ்திரி ஓடிவந்து முன்னால் நின்றார்.

“யாரு சொன்னது?”

அவர் சன்னலை மறைத்தபடியே நின்றார். (அது அவன்தானா என்று நான் எழுதப்போவதில்லை. வாசகரே, படம் முழுதாக உரிவதற்குள் நீங்களே பார்த்துவிடுங்கள்.)

“தள்ளி நில்லுங்க,” என்றாள் அண்ணி. “வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

மேஸ்திரியிடம்தான் சொன்னாள். நானும் விலகிக்கொள்கிறேன்.