அசிட் தின்ற நிறம்

முல்லைத்தீவில் சுதாஜினி ரீச்சர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில், விஞ்ஞான அறையின் கண்ணாடி அலுமாரி நிறையக் கற்கள். அதிலே எல்லோரும் தேடி வந்து பார்ப்பது ஓர் இரும்புக் கல்லை. கரிய கட்டிதான், வெளிச்சம் பட்டால் மயில்கழுத்துப் போல நீலமும் பச்சையும் ஊதாவுமாக மின்னும். கொக்கிளாய் மார்கிறட் அக்காவின் தம்பி, கப்பலில் வேலை செய்த காலத்தில் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்தது. அவன் செத்த பிறகு, "நாலு பேர் பாக்கட்டும்" என்று அக்கா பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருந்தா.

கண்காட்சிக்கு முதல்நாள், கல்லில் தூசி படிந்திருக்கக் கண்ட சுதாஜினி, இன்னும் பளபளக்கட்டும் என்று கக்கூஸ் கழுவும் அசிட்டில் தோய்த்துத் தேய்த்தாள். எடுத்துப் பார்த்தால் நிறத்தைக் காணவில்லை. அவ்வளவு அழகும் மேலே படிந்த மெல்லிய ஆடையில்தான் இருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் கண்காட்சி பார்க்க மார்கிறட் அக்கா வந்தா. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"ஆர் இதைக் கழுவினது?"

"தவராசா அண்ணைதான் இந்த அறை துப்புரவாக்கிறவர்."

சுதாஜினியின் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. ஆய்வுகூட உதவியாளர் தவராசா, பக்கத்தில் வருகிறவர்கள் உட்காரக் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றவர், அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு அடுத்த கதிரையை எடுத்தார்.

 அதன்பிறகும் அவர் ஒவ்வொரு காலையும் "வணக்கம் ரீச்சர்" என்றார். அவளால் முகம் கொடுக்க முடியவில்லை. நாலாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கொக்கிளாய்க்குப் பஸ் ஏறினாள்.

"அக்கா, கல்லைக் கெடுத்தது நான். தவராசா அண்ணை தொடவே இல்லை."

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மார்கிறட்டின் கை நின்றது.

"அண்டைக்கு அந்த மனுசனை வாசலில வைச்சு ஏசிப்போட்டு வந்தனான். என்ர தம்பியை ரெண்டாந்தரம் சாக்காட்டிப்போட்டாய் எண்டு. அவர் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவர். கல்லு போனாப் போகட்டும் பிள்ளை. அந்தப் பேச்சை நான் எப்பிடித் திருப்பி எடுக்கிறது?"

"பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் முன்னால நான் உண்மையைச் சொல்லுறன் அக்கா."

"நாளைக்குக் காலமை நானும் வாறன்" என்றா அக்கா.

அடுத்த நாள் ஆசிரியர் அறையில், எல்லோருக்கும் கேட்கச் சுதாஜினி உண்மையைச் சொன்னாள்.  மார்கிறட் அக்கா தவராசாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டா.

"பரவாயில்லை அக்கா" என்று அவர் சிரித்தார். சுதாஜினியின் பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"நீங்கள் தேய்ச்சதை நான் ஜன்னலால கண்டனான் ரீச்சர். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

 ஆணியில் தொங்கிய விஞ்ஞான அறைத் திறப்பை எடுத்துக்கொண்டு அவர் வேலைக்குப் போனார்.