தத்துவத்தில் சேர்ந்த குறட்டை

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. உறக்க ஆய்வு என்ற காலாண்டிதழைத் தத்துவத்தின் கீழ் போட்டுவிட்டேன். 'நாம் ஏன் உறங்குகிறோம்?' என்ற முகப்பு வரியைப் பார்த்ததோடு சரி, உள்ளே புரட்டவில்லை. உள்ளே முழுக்கக் குறட்டையும் மூக்கடைப்பும்தான்.

கல்லூரி நூலகத்துக்கு வரும் இதழ்களைப் பொருள் வாரியாகப் பிரித்துச் சீட்டு ஒட்டி, அந்தந்தத் துறை அறைக்கு அனுப்புவது அவள் வேலை. மாலையில் நூலகவியல் வகுப்புக்குப் போவாள். தன் குறிப்பேட்டில் இப்படி எழுதிவிட்டாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக, சீட்டைக் கிழித்து இதழை உளவியலுக்கு மாற்றிவிடலாமென்று தத்துவ அறைக்குப் போனாள்.

தத்துவத் துறைக்கென்று இருப்பது ஒரே ஒரு பேராசிரியர். அவர் அந்த இதழை மேசை நடுவில் நிறுத்தி வைத்து, கைக்குட்டையால் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, நூறு வயசு உனக்கு."

"சார், இது தப்பா வந்துடுச்சு. இது குறட்டை பத்தின பத்திரிகை."

"தெரியுமே. என் வகுப்புப் பசங்களுக்கு இதவிடப் பொருத்தமா எதுவும் வந்ததில்ல."

சிரித்தவர் கதவைச் சாத்திவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னார். இதழ் வராத துறைக்குத் தனி அறை கிடையாது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. தத்துவத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரே இதழும் போன வருடம் நின்றுபோயிற்று. நாளைக்கு ஆய்வுக் குழு வருகிறது. அறை போனால், வணிகவியல் துறையில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலிதான் அவருக்கு.

"அது ஓடுறப்ப ஒருத்தன் என்னத்தம்மா யோசிக்கிறது? நாளைக்கு ஒரு நாள் விட்டுடு."

அவள் நேராகத் தலைமை நூலகரிடம் போய்த் தன் தவறைச் சொன்னாள்.

"யாராவது கேட்டாங்களா?" என்றார் அவர், நிமிராமல்.

"இல்ல சார். தப்புன்னு எனக்கே தெரியுது."

"யாரும் கேக்காதப்ப நாமளா போய் வாயக் குடுக்கக் கூடாதும்மா. வயசானா புரியும்."

வீட்டில் அக்காவிடம் சொன்னாள். "ஒரு சீட்டக் கிழிக்க இவ்வளவு யோசனையாடி? நான் கல்யாணத்துக்கே இவ்வளவு யோசிக்கல."

"யோசிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்று கூடத்திலிருந்து அக்கா புருஷனின் குரல் வந்தது.

வியாழக்கிழமை ஆய்வுக் குழு வந்தது. குழுத் தலைவர் தத்துவ அறையில் அந்த இதழை எடுத்துப் புரட்டினார். பேராசிரியரும், கூட வந்திருந்த தலைமை நூலகரும் அவளும் பக்கத்தில் நின்றார்கள்.

"குறட்டைக்குத் தத்துவத்துல என்ன வேலை?"

தலைவர் ஒருமுறை அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "துறைக்கும் துறைக்கும் நடுவுல இருக்கற சுவர இடிச்சிருக்கீங்க. இதத்தான் ஊர் ஊரா சொல்லிட்டு வர்றேன். யாரோட யோசனை?"

"நம்ம யோசனைதான் சார்" என்றார் தலைமை நூலகர்.

"சார், அது நான் பண்ண தப்பு" என்றாள் அவள்.

"அடக்கத்தப் பாருங்க" என்று தலைவர் மற்றவர்களிடம் சொல்லி, எதையோ குறித்துக்கொண்டார்.

தத்துவ அறை பிழைத்தது. சாயங்காலத்துக்குள் சுற்றறிக்கையும் வந்துவிட்டது: இனி ஒவ்வொரு துறையிலும் அதற்குச் சம்பந்தமில்லாத ஓர் இதழாவது இருக்க வேண்டும்.

"நீயே ஆரம்பி. ராசியான கை" என்றார் தலைமை நூலகர்.

அந்நேரம் உளவியல் மாணவி ஒருத்தி வந்தாள். "அக்கா, உறக்க ஆய்வு எங்க இருக்கு? காலையிலேருந்து தேடுறேன்."

"தத்துவத்துல."

கேலி செய்கிறாளோ என்று அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்தாள். அவள் எழுந்து, தானே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

மார்ச் 13, வியாழன். பேராசிரியரின் அறை அவருக்கே. உறக்க ஆய்வைத் தேடி வருபவர்களுக்கு இனி நான்தான் வழி காட்ட வேண்டும். நாளை: கோழி வளர்ப்பு இதழைக் கணிதத் துறைக்கு மாற்ற வேண்டும்.