மூச்சில் விரிந்த சிறகு

வலது சிறகுக்கு ஏகப்பட்ட பிடிவாதம். நான்கு நாட்களாகப் பெரியவள் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இடது சிறகு கூப்பிட்ட குரலுக்கு எழுந்து விரிந்தது. வலதோ பாதி வழியில் நின்றுகொண்டது.

நாடகக் குழுவின் உடைக்கூடம் முழுக்க மதிய வெயில். வெட்டிப்போட்ட வலைத்துணித் துணுக்குகள் மின்விசிறிக் காற்றில் எழும்பி, எங்கே போவதென்று தெரியாமல் மிதந்தன. சிறகுக்கு எலும்பு பழைய குடைக்கம்பிகள். சைக்கிள் பிரேக் கம்பி முதுகில் ஓடி முழங்கையில் முடியும். கையைத் தூக்கினால் சிறகு விரியும், இறக்கினால் மடங்கும். மாசக்கணக்கில் ஆடினாலும் பிய்யாதபடி மூட்டுக்கு மூட்டு இரட்டைத் தையல். இதற்கு மேல் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

அணியப்போகிறவள் அவளுடைய தங்கை, சின்னவள். பதினோரு வருஷம் கூட்டத்தில் ஒருத்தியாக ஆடியவளுக்கு முதன்முறையாகப் பெரிய வேடம்: பறவைப் பெண். நாலு மணி ஒத்திகையில் சிறகு விரியாவிட்டால் அந்த வேடத்தையே எடுத்துவிடுவேன் என்று இயக்குநர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை தூக்குடி."

சின்னவள் தூக்கினாள். கைகள் வலைத்துணி மடிப்புக்குள் மறைந்திருந்தன. வலது பாதியில் நின்றது.

"உன் கம்பிக்கு என்மேல என்னக்கா கோவம்?"

"வாயை மூடிட்டு நில்லு." பெரியவள் மூன்றாவது முறையாகக் கம்பியை இறுக்கினாள்.

சின்னவள் சிறகைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனதும், பெரியவள் அதைத் தானே மாட்டிக்கொண்டு கைகளைத் தூக்கினாள். இரண்டும் விரிந்தன! சுவர் முழுக்க நிழல். தரை மெல்லக் கீழே இறங்குவதுபோல இருந்தது. ஜன்னல் வழியே அப்படியே போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. மறு நொடியே உறைத்தது. சிறகில் குற்றமே இல்லை.

"தோள்ல என்னடி?" திரும்பி வந்தவளைக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லையே."

"என்கிட்டயேவா?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு மாசமா வலது கையைத் தூக்க முடியலக்கா. சொன்னா வேடம் போயிடும். யார்கிட்டயும் சொல்லிடாதே."

அடிப் பாவி! கம்பியை இறுக்க இறுக்க அந்தத் தோள் அல்லவா வலியைத் தாங்கியிருக்கிறது? ஓங்கி ஓர் அறை விடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று பெரியவளுக்குப் புரியவில்லை. கட்டிக்கொண்டாள். தங்கை விம்மினாள். விம்மும்போதெல்லாம் அவள் விலா எலும்புகள் பெரியவளின் கைகளைத் தள்ளிக்கொண்டு விரிந்தன, சுருங்கின.

பெரியவள் சட்டென்று கத்தரியை எடுத்தாள்.

முழங்கைப் பட்டையை வெட்டி எறிந்தாள். விலாவைச் சுற்றி இழுபடாத ஓர் அகலப் பட்டை தைத்து, அதில் கம்பியைப் பூட்டினாள். விலா ஒரு விரற்கடை விரிந்தால் சிறகு ஒரு முழம் விரியும்படி நடுவில் சின்ன நெம்புகோல். கடைசி முடிச்சைப் போடும்போது மணி நாலு.

மேடையில் சின்னவள் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள்.

"கையைத் தூக்கும்மா," என்றார் இயக்குநர்.

அவள் தூக்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள். இரண்டு சிறகுகளும் ஒன்றுபோல, அவசரமே இல்லாமல் விரிந்தன. மூச்சை விட்டாள், மடங்கின. மறுபடி விரிந்தன. அரங்கில் ஒருவரும் அசையவில்லை. தூங்குகிற குழந்தையைப் பார்ப்பதுபோல எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையே வேண்டாம்," என்றார் இயக்குநர் மெதுவாக. "வேடம் உனக்குத்தான்."

சிறகுகள் நுனிவரை படபடவென்று நடுங்கின.

"ஆகா! அந்த நடுக்கம் பிரமாதம்! தினமும் அதை அப்படியே செய்யணும்."

திரைக்குப் பின்னால் நின்ற பெரியவளுக்கு மட்டும் தெரியும், அது நடிப்பில்லை. அவள் தங்கை அழுதுகொண்டிருந்தாள்.